தொட்டிக்குள் ஒரு பகல்

டிவியில் படம் முடிகிற நேரம். கட்டட வேலை பழகும் நாயகன், தான் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறான். சுவரை இடித்து அவனை மீட்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாவதோடு படிப்பை விட்ட வருஷம், காக்களூரில் நானும் அப்படித்தான் மாட்டினேன். தொட்டிக்குள் நின்று கட்டியவன், ஏறி நின்ற செங்கற்களையும் எடுத்துச் சுவரில் வைத்துவிட்டேன். ஈரச் சிமெண்டு வாசனைக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது.

"இன்னாடா, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள் சித்தாளாக வந்த அம்மா.

மேஸ்திரியான அப்பா கடப்பாரையை எடுத்தார். "இட்ச்சிடறேன், வெளிய வா."

அது என் முதல் சுவர். "வாணாம் நைனா. காயற வரைக்கும் குந்திக்கினு இருக்கேன்."

அம்மா தூக்குச்சட்டியில் சோற்றைக் கயிறு கட்டி இறக்கினாள். சாயங்காலம் அப்பா சுவர்மேல் சாய்ந்து என்னைத் தூக்கினார். சுவர் அசையவில்லை.

டிவி முன்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த மகளிடம் சொன்னேன்: "நான் கட்டுன செவுத்த யாரும் இடிக்கல."