மாப்பிள்ளை காருக்கு டர்போ

வண்டி வேலை பார்க்கிறவனிடம் எந்த வண்டி வேண்டுமானாலும் வரலாம், சொந்தக்காரர் வண்டி மட்டும் வரக்கூடாது. வந்தால் என்ன ஆகும் என்பது என்னைப் போல் பட்டவர்களுக்குத் தெரியும். இன்னும் படாதவர்கள் இதைப் படித்துவிட்டாவது பிழைத்துக்கொள்ளுங்கள். பேளுக்குறிச்சியில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. லாரி, பிக்கப், கொல்லிமலை ஏறும் ஜீப், இவைதான் என் பிழைப்பு. நிம்மதியாகத்தான் இருந்தேன், என் தங்கச்சி வீட்டுக்காரர் கார் வாங்கும் வரை.

லாரிக்கே இருக்குது

மாப்பிள்ளை ராசிபுரத்துக்காரர். சொந்தமாகப் போர்வெல் லாரி வைத்துத் தொழில் செய்கிறார். பெங்களூரில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டுக் கார் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, லெதர் சீட்டு. பானெட்டைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டர்போ எதுவும் இல்லாமல், தானாக மூச்சு இழுத்து ஓடுகிற ஆறு சிலிண்டர் எஞ்சின். இந்த மாதிரி எஞ்சினை இப்போது செய்வதையே குறைத்துவிட்டார்கள். "இதைத் தொடவே கூடாதுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

டர்போ ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சாமான். எங்கள் பக்கம் ஓடுகிற லாரிகளில் அது சர்வசாதாரணம். மாப்பிள்ளைக்கு வருத்தமே அதுதான்.

"எங்க போர் லாரிக்கே டர்போ இருக்குதுங்க மச்சான். இத்தனை பெரிய காருக்கு இல்லீன்னு வெளிய சொன்னா கேவலமில்லீங்களா?"

ஆசைப்பட்டு ஒண்ணு

முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். சாதாரணக் காற்றையே இறுக்கி அமுக்குகிற எஞ்சின் இது. மேலும் திணித்தால் சூடு தாங்காமல் பிஸ்டன் உடையும். இதைப் பக்குவமாகச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தால், தங்கச்சியே கூப்பிடுகிறாள்.

அவள் மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். அப்பா இல்லாததால் எல்லாம் என் பொறுப்பு. அம்மா முன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்து, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, மகள் வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மனசு வைத்து அனுப்பினால்தான் அவள் வர முடியும்.

"அண்ணா, அவரு ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டிருக்காரு. நீ மாட்டேன்னா என்னை எப்படிண்ணா அனுப்புவாரு?"

சந்தை நாள்

கோயம்புத்தூரிலிருந்து லேப்டாப்போடு ஒருத்தரை வரவழைத்துக் காரின் கம்ப்யூட்டரை மாற்றி எழுத வைத்தேன். பைப்பை அறுத்து, வெல்டு வைத்து, டர்போவை உட்கார வைத்தது நான். திணிக்கிற காற்று சூடாக இருக்கக்கூடாது என்பதற்காக, முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் மாட்டினேன். ரேடியேட்டர் மாதிரிதான் அதுவும். எதிர்க்காற்று பட்டால்தான் வேலை செய்யும். அறுக்கிற ஒவ்வொரு பைப்புக்கும் மனசுக்குள் அந்த எஞ்சினிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சந்தைக்கு வந்த ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. மீதி இரண்டு கதவு எப்போது வரும் என்று ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார். கொல்லிமலை மேல் திருப்புலி நாட்டு ஊரிலிருந்து மிளகு மூட்டை இறக்க வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பிக்கப் கிளட்ச் போய் என்னிடம் கிடந்தது.

"ஏனுங்க, நல்லா ஓடற வண்டியப் பிரிச்சுப் போட்டு வேலை செய்யறீங்க. ஓடாத எங்க வண்டி ஓரமா நிக்குதுங்களே?"

ஆளுயர மாலை

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. மாப்பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி வந்துவிடுவாள் என்று அன்றைக்குத்தான் நம்பினேன். "ஆக்சிலேட்டரைப் பார்த்து மிதிங்க" என்று மட்டும் கெஞ்சினேன்.

டர்போ போட்டால் புது வண்டி மாதிரிதானே? கொல்லிமலை மேல் இருக்கிற அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. மாப்பிள்ளை ஓட்ட, அவருடைய அம்மா முன் சீட்டில், நான் பின்னால் காலை மடக்கிக்கொண்டு. அடிவாரப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, காருக்கு ஆளுயர சம்பங்கி மாலை சாத்தினார்கள். இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் கட்டிய மாலை. அது பம்பரை மூடிக்கொண்டு, சரியாக என் இன்டர்கூலர் மேல் தொங்கியது. கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டலாம் என்றேன். யார் காதிலும் விழவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. லாரியையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளை மிதித்தார். கொஞ்ச நேரத்தில், தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்குவது போல் எஞ்சினுக்குள் சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "நிறுத்துங்க மாப்பிள்ளை, மாலையைக் கழட்டிரலாம், காத்து போகல" என்று கத்தினேன். முன் சீட்டிலிருந்து அத்தை மெதுவாகத் திரும்பினார்.

"சாமி மாலைய நடுவழியில கழட்டச் சொல்றியே கண்ணு, உங்க ஊட்டுல அப்படித்தான் பழக்கமா?"

மாலை இருந்த பக்கம் பார்த்து நானும் ஒரு கும்பிடு போட்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் வேறென்ன செய்ய முடியும்?

உசுரு தப்புச்சு

அடுத்த சில வளைவுகளில் டமார் என்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை, கார் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சம்பங்கிப்பூ மட்டும் சூட்டில் வெந்து கறுத்திருந்தது. மாப்பிள்ளை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மாலை இருந்ததால உசுரு தப்புச்சுங்க மச்சான். இல்லீன்னா உங்க டர்போ எங்களை முடிச்சிருக்கும்."

தூரம்

கட்டி இழுத்து வந்து எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டன் தலை உடைந்து, சிலிண்டர் சுவரெல்லாம் கோடு. கிரீஸ் துடைக்கிற வேஸ்ட் துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டேன். காற்றை அடைத்தது மாலை என்று சொன்னால் சாமியைக் குறை சொன்னவன் ஆவேன். சொல்லாவிட்டால் என் வேலையில்தான் குறை என்றாகும். சொல்லாமல் இருந்துவிட்டேன். மாப்பிள்ளை என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

வளைகாப்பு முடித்து அழைத்து வர நாள் குறித்திருந்தோம். அம்மா புதுப் பெட்ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தங்கச்சி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"அம்மாகிட்டக் கார் சமாச்சாரம் எதுவும் சொல்லிக்காதண்ணா. டாக்டரம்மா தூரப் பயணம் வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிரு."

ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸிலேயே அரை மணி நேரம்தான், நான் டர்போ போட்ட பிறகு அது தூரப் பயணம் ஆகிவிட்டது.