அரைத் தலைக்கட்டு

என் கணவர் இறந்து ஓராண்டு முடிந்த வாரத்தில் தெருத் தலைவர் வீட்டுக்கு வந்தார். நாலு விசைத்தறி வைத்திருப்பவர், நல்ல மனிதர். காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஏதோ பரிசு கொண்டுவந்தவர் மாதிரி சொன்னார்.

“டீச்சர், இந்த வருசக் கொடையில இருந்து உங்களுக்கு அரைத் தலைக்கட்டுதான். ஆம்பளை இல்லாத வீடுல்லா. பாதி வரி குடுத்தாப் போதும்.”

எங்கள் தெரு அம்மன் கோயிலில் வருடா வருடம் கொடைத் திருவிழா நடத்துவது தெருக்காரர்கள்தான். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்காரர் வரி கொடுப்பார், கூட்டத்தில் உட்காருவார், கோயில் காரியத்தில் தன் கருத்தைச் சொல்வார். கணவனை இழந்தவள் வீடு என்றால் அது அரை. வரியில் பாதியைத் தள்ளிவிட்டு, கூட்டத்தில் இருக்கும் இடத்தை முழுசாகப் பிடுங்கிக்கொள்வார்கள். இதற்குச் சலுகை என்று பெயர்.

“எனக்குச் சலுகை வேண்டாம் அண்ணாச்சி. முழுசாவே தாரேன். கூட்டத்துக்கும் வாரேன்” என்றேன்.

அவர் சிரித்தார். “முழுசாக் குடுங்க, யாரு வேண்டாங்கா? கூட்டத்துக்கு எதுக்கு டீச்சர் நீங்க? முடிவை வீட்டுக்கே வந்து சொல்லுதோம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கணவர் இருந்தபோது அந்தக் கூட்டத்தில் அவர் வாய் திறந்ததே இல்லை; போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருவார். அவர் முழுசு, நான் அரை. சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “டவுன் பஸ்ல உனக்கு டிக்கெட்டே கிடையாது, தெருவுல மட்டும் அரை டிக்கெட்டாம்மா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவள். அந்த வாரம் கிரேக்கமும் ரோமும் நடந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் வாதாட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. உலக வரலாறு அவ்வளவு பெரிதாகக் கிடக்கிறதே, எனக்காகப் பேச ஒரு சபைகூடவா இருக்காது என்று பாடப்புத்தகத்தையும், கல்லூரியில் படித்த பழைய தடிப் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன்.

இல்லை. ஜனநாயகம் பிறந்த ஊர் என்று வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதும் ஏதென்ஸில், ஒரு மூட்டை பார்லியின் மதிப்புக்கு மேல் ஒரு பெண் தானாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. குன்றின் மேல் கூடிய மக்கள் சபையில் அவள் நிழல்கூட விழவில்லை. ரோமில் தகப்பனும் கணவனும் இல்லாத பெண்ணுக்கு ஒரு காப்பாளர் வேண்டும். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் விலக்கு. எனக்கு ஒரே மகள். அங்கே போயிருந்தாலும் தேறியிருக்க மாட்டேன். பாபிலோன் சட்டம் கொஞ்சம் பரவாயில்லை, கணவன் செத்த வீட்டிலிருந்து அவளைப் பிள்ளைகள் துரத்தக் கூடாது என்கிறது. ஆனால் வீட்டோடு சரி. இடைக்கால ஐரோப்பாவின் கைவினைச் சங்கங்களைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்தேன். நெசவாளி செத்தால் அவன் மனைவி பட்டறையை நடத்தலாம், வேலைக்கு ஆள் வைக்கலாம், ஆனால் சங்கத்தின் முடிவுகளில் பெரும்பாலும் அவளுக்கு வாய் கிடையாது. எங்கள் தெருவைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே வைத்த மாதிரி இருந்தது.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். கோயில் முன்னால் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நான் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஓரம் என்றாலும் ஜமுக்காளத்தின் மேல்தான். பக்கத்திலிருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

“டீச்சர், வீட்டுக்குப் போங்க” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. “நம்ம ஊர்ச் சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். பாதின்னா என்ன குறைச்சல்?”

“அந்த ரெண்டு பாதியில எந்தப் பாதியை அண்ணாச்சி கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருக்காங்க?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெருச் செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சோழர் பெருமை பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். “டீச்சரம்மா, நீங்க சரித்திரம் படிச்சவங்க. குடத்துல ஓலையைப் போட்டு ஆள் எடுத்த பரம்பரை நாம. சபைன்னா ஒரு முறை இருக்கு” என்றார்.

“அந்தக் குடத்துல ஒரு பொம்பளை பேரு கிடந்துச்சா?”

“அது எப்படிக் கிடக்கும்?”

“அதைத்தான் நானும் கேக்கேன்.”

அவர் சளைக்கவில்லை. “சரி, வெளிநாட்டையே எடுத்துக்கிடுவோம். கிரேக்கன், ரோமன், எவன் சபையிலயாவது உங்கள மாதிரி ஒருத்தி உக்காந்திருக்காளா? நீங்களே சொல்லுங்க.”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு ராணியின் பெயரை எடுத்து வீசியிருந்தால் அங்கே யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் ராணிகள் ஆண்டதால் எந்தத் தெருவிலும் எந்தப் பெண்ணுக்கும் ஜமுக்காளம் விரிக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். அதோடு, செத்துப்போன ஏதென்ஸ்காரனிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் என் தெருக் கோயில் வாசலில் நான் உட்கார வேண்டுமா என்ற ஆத்திரமும் இருந்தது.

“இல்ல” என்றேன். “நான் பாடம் எடுக்குற எந்தச் சபையிலயும் இல்ல. எல்லாரும் தப்புப் பண்ணியிருக்காங்க. அதுக்காக நான் எந்திரிக்கப் போறதில்ல.”

தலைவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். வாசல்களில் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். என்னைப் பிடித்து இழுக்கவும் முடியாது, இருக்கச் சொல்லவும் மனம் இல்லை. “சரிவே, கூப்பிடும். நேரம் ஆகுதுல்லா” என்றார் செயலாளரிடம்.

செயலாளர் வழக்கப்படி தலைக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். என் முறை வந்தபோது என் கணவர் பெயரைக் கூப்பிட்டு, அவராகவே “அரை” என்றும் சொல்லி அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். “அவரு செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. செத்தவரைக் கூப்பிடுதீங்க, உயிரோட இங்கன இருக்கேன், என்னை விட்டுட்டுப் போறீங்க. என் பேரைக் கூப்பிடுங்க.”

செயலாளர் பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு அப்படியே இருந்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார்.

“டீச்சரம்மா…” என்று செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “உங்க பேரு என்ன?”

இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

சொன்னேன். வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தலைப்பெழுத்தோடு சொன்னேன்.

“முழுத் தலைக்கட்டு. எழுதுங்க.”