தயிர் சாதம் தின்ற பூனை

கல்கத்தாவில், பவானிபூர் தெருவில் அந்தப் பூனைக்கு வீடு பார்த்துக் கொடுத்த புண்ணியம் மஹாதேவனுக்கு என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டால் லக்ஷ்மிநாராயணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருஷமாக வருகிறது. வீடு பார்த்தது அவர். தயிர் சாதம் பிசைந்தது அவர். கையில் பிறாண்டல் வாங்கியதும் அவர். மெஸ் சமையல்காரன் என்றால் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. சர்க்கார் குமாஸ்தா என்றால் பூனைக்கும் வள்ளல்.

ஆனாலும் மஹாதேவனைப் பற்றிக் கேட்டால் லக்ஷ்மிநாராயணன் பொய் சொல்ல மாட்டார். நல்ல மனுஷன். கும்பகோணத்துப் பக்கம். முப்பது வயசு, மடக்கின குடை மாதிரி ஒல்லி உடம்பு, முத்து முத்தாகக் கையெழுத்து. எந்தக் குழம்பை ஊற்றினாலும் குறை சொல்லாமல் சாப்பிடுவார். மெஸ்ஸில் இருந்த ஒன்பது பேரில் அப்படி ஒருத்தர்தான். ஒரே ஒரு கோளாறு, சகுனம். வாசலில் இறங்கும்போது பூனை குறுக்கே போய்விட்டால் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, ஆற அமரத்தான் மறுபடி கிளம்புவார்.

கும்பகோணத்தில் இது வருஷத்துக்கு நாலு தடவை நடந்திருக்கும். கல்கத்தாவில் தினம் நடந்தது. எதிர் வீட்டு வங்காளிகள் ஒன்பது மணிக்கு மீனும் சாதமும் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார்கள். அவர்கள் வீட்டு மீன் முள் வாசலில் விழுவதும் மஹாதேவன் குடையோடு படி இறங்குவதும் ஒரே நேரம். மெஸ்ஸின் கரி மூட்டைமேல் படுத்திருக்கும் சாம்பல் நிறப் பூனை ஒன்று அந்த முள்ளுக்காகத் தெருவைத் தாண்டும். சில நாள் தின்றுவிட்டு உடனே திரும்பித் தாண்டும். அன்றைக்கு இரண்டு தம்ளர்.

ஒரு சனிக்கிழமை ஆபீசில் சூப்பரின்டெண்டு துரை கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார்: இனி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வேலை கிடையாது. மஹாதேவன் முகம் செத்துப்போய் வந்து சமையலறையில் உட்கார்ந்தார்.

"ஓய், திங்கக்கிழமை அந்தப் பூனை குறுக்கே போச்சுன்னா நான் தொலைஞ்சேன். ஊர்ல நாலு பேர் என்னை நம்பிண்டிருக்கா."

"அன்னிக்கு மட்டும் தண்ணி குடிக்காம போமே!"

"அதெப்படி? சகுனத்தை மீறிப் போய் டிராம்ல அடிபட்டுச் செத்தா?"

"செத்தவரை ஏன் லேட்டுன்னு துரை கேக்க மாட்டார்."

மஹாதேவன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே சோதனை பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வயிறு நிறைந்தால் மீனுக்குப் போகாது என்று லக்ஷ்மிநாராயணன் தயிர் சாதம் பிசைந்து வைத்தார். பூனை வழித்துத் தின்றது. பந்தி முடித்த சம்பந்தி மாதிரி மீசையைத் துடைத்துக்கொண்டு, நேரே மீன் முள்ளுக்கும் போயிற்று.

"கையில தூக்கிண்டு போயிட்டா குறுக்கே போக முடியாதே?" என்றார் மஹாதேவன்.

பிடித்துக் கொடுத்தபோது லக்ஷ்மிநாராயணனுக்குக் கையில் மூன்று கோடு விழுந்தது. மஹாதேவன் கோட்டும் தலைப்பாகையுமாக, பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குக் கிளம்பினார். தெருவே வேடிக்கை பார்த்தது. டிராம் வரும் இடத்தில் இறக்கி விட்டதும் பூனை சோம்பல் முறித்து, தண்டவாளத்தின்மேல் அவருக்கு எதிரே வலமிருந்து இடமாக நடந்து போயிற்று. மனுஷன் அரை மைல் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். பூனை பின்னாலேயே வந்து அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

மெஸ்ஸில் ஒருவர், சாக்கில் கட்டி ஹௌராவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்றார்.

"நன்னா இருக்கே! பாஷை தெரியாத ஊர்ல அது என்ன பண்ணும்?" என்றார் மஹாதேவன், அதன் காதைத் தடவிக்கொண்டே.

"இங்கே மட்டும் அது தமிழா பேசறது?" என்று லக்ஷ்மிநாராயணன் கத்தினார். கத்தும்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. பூனைக்கு நம் பக்கத்து வரிசையில் ஒரு வீடு வேண்டும். ஒன்பது மணிக்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும். தெருக்கோடியில் ஒரு வங்காளி விதவை இருந்தாள். தெரு முழுக்க அவளை பிஷிமா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும். அந்த ஊர் விதவைகள் மீனைத் தொட மாட்டார்கள். சந்தையில் ஒரே பூசணிக்காய்க்கு அவளும் லக்ஷ்மிநாராயணனும் தினம் சண்டை போடுவார்கள். அந்த அளவுக்குப் பழக்கம்.

சாயங்காலம் இருவரும் பூனையோடு போய் நின்றார்கள். லக்ஷ்மிநாராயணனின் வங்காளி பாஷை கறிகாய் வாங்கும் மட்டுக்குத்தான். தனக்குத் தெரிந்ததை வைத்து, பூனை புத்தம் புதுசு, பூச்சி இல்லை, முற்றவில்லை என்றார்.

பிஷிமா சிரித்தாள். "என்ன தின்னும்?"

"தயிர் சாதம்."

"மதராஸிப் பூனையா! ஏகாதசி உபவாசமும் உண்டோ?" என்றவள், பூனையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பூனை ஷஷ்டி அம்மனுக்கு வாகனம். வாசலுக்கு வந்ததைத் துரத்தக் கூடாது. காலையில் பூஜை முடிய ஒன்பதரை ஆகும். அதுவரைக்கும் தாழ் போட்டிருப்பேன். அப்புறம் அது இஷ்டம்."

வெளியே வந்ததும் லக்ஷ்மிநாராயணன் பிடித்துக்கொண்டார். "கேட்டீரா? அம்மன் வாகனமாம். அப்போ குறுக்கே போனா நல்ல சகுனம்தானே?"

"அது வங்காளிக்கு ஓய். நான் பொறந்தது கும்பகோணத்துல."

திங்கட்கிழமை தெரு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மஹாதேவன் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டார். துரை தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாராம். அதற்கப்புறம் மனுஷன் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. சாயங்காலம் ஆனால் தயிர் சாதக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பிஷிமா வீட்டுக்குப் போவார். தெரு அதைத்தான் பார்த்தது. பிசைந்தவரை யார் பார்த்தார்கள்?

மறு வருஷம் தலைநகரம் டெல்லிக்குப் போயிற்று. மஹாதேவனின் ஆபீசும் மூட்டை கட்டியது. ஹௌரா ஸ்டேஷனில் கட்டுச்சாதத்தைக் கொடுத்துவிட்டு லக்ஷ்மிநாராயணன் முறைப்பாக நின்றார். அழுகை வந்தால் அவருக்கு முகம் அப்படித்தான் ஆகும்.

"ஓய், பிஷிமாகிட்ட சொல்லி வையும். அது குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும். டெல்லிக்கு வர்றவா யார்கிட்டயாவது கூடையில வச்சுக் குடுத்தனுப்பும்" என்றார் மஹாதேவன்.

வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் தலைப்பாகை இடிக்க எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"தெருவுல நடக்க விட்டுப் பாரும் ஓய்! பின்னாடியே வர்ற குட்டியா எடும்!"