கும்பிடும் பொம்மையும் நானும்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை நினைத்து எங்கள் ஜவுளிக்கடை முதலாளி மதுரையிலிருந்து ஒரு பொம்மை வாங்கி வந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. ஆள் உயரம். பட்டுச்சேலை கட்டி, கைகூப்பிக் குனிந்து நிமிரும். உள்ளே ஒரு மோட்டார், அவ்வளவுதான். அதை வாசலில் நிறுத்தினார்கள். அதே வாசலில் நின்று ஆட்களைக் கடைக்குள் அழைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். முகம் தெரியாதவர்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் பகலெல்லாம் விசைத்தறிகள் ஓடும். அப்போது வோல்டேஜ் இறங்கிவிடும். பொம்மை மெல்லக் குனியும், அப்படியே சற்று நிற்கும், பிறகு தயங்கித் தயங்கி நிமிரும். பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண் தங்கையிடம் சொன்னாள்: "ஏட்டி, எவ்வளவு அடக்கமா கும்பிடுதா பாரு. மனசுல ஏதோ கவலை இருக்கு அவளுக்கு." கோயில் குங்குமத்தை அதன் நெற்றியில் வைத்துவிட்டுத்தான் கடைக்குள் போனாள்.

மத்தியானம் தறிக்காரர்கள் சாப்பிடப் போனதும் கரண்டு ஏறும். பொம்மை வெடுக்வெடுக்கென்று குனிந்து எழும். "என்ன வே, உங்க கடைப் பொம்பள யார் மேல கோவமா இருக்கா? கடனேன்னுல்லா கும்பிடுதா," என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அதன் முகத்தில் வரைந்திருந்த சிரிப்பு மாறவே இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒரு சாயங்காலம் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. அது பக்கத்துல நில்லு. அது குனியும்போது நீயும் குனி. ஒரு பொம்மைக்கு இருக்க பணிவு உனக்கு இல்லையே. கம்பு மாதிரில்லா நிக்கே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"குனிய மாட்டேன் மொதலாளி."

"என்னது?"

"துணி மடிக்கச் சொல்லுங்க, மூட்டை தூக்கச் சொல்லுங்க, செய்யுதேன். இதுகூட சேந்து குனிய மாட்டேன்."

"அப்போ நாளைக்கு வராண்டாம்."

"சரி."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "பயலுக்குத் திமிரப் பாரு, நெஞ்ச நிமித்திட்டுப் போறான்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கோ நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்ற பயம். அது வெளியே தெரியக் கூடாதென்றுதான் விறைப்பாக நடந்தேன். வோல்டேஜ் இறங்கினால் கவலை என்றவர்கள் என் பயத்தைத் திமிர் என்றார்கள். சொல்லட்டும். நின்று விளக்கம் கொடுக்க எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

மறு வாரம் ஒரு தறிக்கூடத்தில் வேலை கேட்டுப் போனேன். அதன் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடே, மொறைச்சிக்கிட்டு நிக்கே?"

"என் மூஞ்சி அப்படித்தான் அண்ணாச்சி," என்றேன்.

கடைசித் தறியைக் காட்டி, அங்கே போய் வேலைக்கு நிற்கச் சொன்னார்.