ரத்தம் கூடிப்போன வேல்ராஜ்

ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தவன் பகலில் வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்தால் அவனை என்ன சொல்வீர்கள்? சோம்பேறி என்பீர்கள், இல்லாவிட்டால் குடிகாரன் என்பீர்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சி இரண்டையும் சொன்னார். வேல்ராஜ் குடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மும்பை தாராவியில் அண்ணாச்சிக்குத் தோல்பைப் பட்டறை. வேல்ராஜ் பதினோரு வருடமாக அங்கே டெம்போ ஓட்டுகிறான். வாஷிக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியில், செம்பூர் சிக்னலில் பச்சை விழுந்தும் அவன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற ரிக்‌ஷாக்காரன் இறங்கி வந்து தோளை உலுக்கித்தான் எழுப்பினான். அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்டு, "டெஸ்ட் எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பதினெட்டரை என்று வந்தது.

"ஏல, எனக்கே பதிமூணுதான்! ரெண்டு ஆளு ரத்தத்த ஒடம்புல வச்சிக்கிட்டுச் சோர்வா இருக்குங்கான் பாரு. ஒன்னய பட்டறையில வைக்கவா, பிளட் பேங்க்ல வைக்கவா?" என்றார் அண்ணாச்சி.

பட்டறையே சிரித்தது. வேல்ராஜும் சிரித்தான். ஆனால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தம் இவ்வளவு இருந்தால் பலம் எங்கே போயிற்று? காலையில் எழும்போதே தலை ஏன் கனக்கிறது? வீட்டில் மனைவி விஜயலட்சுமி, கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை அவன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. அதுவும் நல்ல எண். அப்படியானால் தான் சோம்பேறிதானோ?

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் குறட்டை விட்டுத் தூங்கியபோது, அவள் மறுபடியும் கருவியை மாட்டிப் பார்த்தாள். குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு எம்பி எம்பி அடித்தது. மூச்சு மட்டும் வரவில்லை. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தெட்டு. அவள் பதறி அவனை உலுக்கப் போவதற்குள் பெரிய உறுமலோடு மூச்சு வந்தது, எண்ணும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. அதை அவள் போனில் படம் பிடித்தாள்.

"மிஷினு கெட்டுப்போச்சுட்டி" என்றான் அவன், எழுந்ததும்.

"மிஷினு கெட்டா நீங்க ஏன் மூச்சில்லாம கெடக்கீய? இத்தன நாளும் கொறட்டைன்னு சிரிச்சிட்டுல்லா இருந்தோம்."

அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆஸியா அந்தப் படத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் சேர்த்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது என்று இந்தியில் விளக்கினார். ஒவ்வொரு முறையும் மூளை அலறி எழுப்புகிறது, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. தூங்குகிறவனுக்கு எதுவும் நினைவிருக்காது. உயரமான மலையில் வாழ்கிறவனின் உடம்பைப் போல, இந்த உடம்பும் காற்று போதவில்லை என்று சிவப்பணுக்களைப் பெருக்கியிருக்கலாம். உறக்கப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் உறுதியாகும். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. "அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது" என்று சொல்லி, எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்தார்.

"மலையா? தாராவியிலயா?" என்றார் அண்ணாச்சி. "லெட்டர்ல இருக்கலாம்னுதான போட்டிருக்கு, இருக்குன்னா போட்டிருக்கு? ரத்தம் நல்லாத்தான் ஓடுது. இந்தா சாவி. நாளைக்குச் சரக்கு போவணும். ஓட்டுதியா, வேற ஆளப் பாக்கவா?"

தூங்கினான் என்று சாவியைப் பிடுங்கியவர், தூங்குவான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு அதையே நீட்டுகிறார்.  வேல்ராஜின் கை நீண்டது, பாதியில் நின்றது.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல, அண்ணாச்சி. ஆனா ரோட்டுல புள்ளையளும் போவுதே. மூணு மாசம் பெட்டி கட்டுதேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

ஐந்து நாளாக யோசிக்கிறார். வேல்ராஜ் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறான். நியாயமாக நடந்ததற்கு அவனுக்குக் கிடைத்த கூலி இது.

உங்களிடம் வண்டி ஓட்டுகிற எவராவது பகலில் சொக்கி விழுகிறாரா? ஏசாதீர்கள். இன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். முடிவு வரும்வரை ஸ்டியரிங் இல்லாத வேலை கொடுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.