சுடுகாட்டுக்குப் போட்ட சிவப்புக் கோடு

எங்கள் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக்கள் தொடங்கிய புதிது. கும்பகோணத்துக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. பயிற்சி கொடுக்க வந்த ஓர் அம்மா, காலனிப் பெண்களான எங்களைக் கூட்டி, உங்கள் ஊரை நீங்களே படமாக வரையுங்கள் என்றார். கோலம் போடுகிற கைக்குச் சொல்லவா வேண்டும்! கோலமாவும் கலர்ப்பொடியுமாகக் கோயில் வாசலில் இறங்கிவிட்டோம்.

முதலில் வரைந்தது ஒரே களேபரம். ஆட்டுக்கொட்டகை, ரேஷன் கடை, என் வீட்டு முருங்கைமரம்கூட அதில் இருந்தது. இத்தனை இருந்தால் பார்க்கிறவர் எதைப் பார்ப்பார், உங்கள் பெரிய குறை எது என்று அந்த அம்மா கேட்டார். சுடுகாட்டுப் பாதை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ஒரு மிராசுதாரின் வயல் வரப்பு வழியாகத்தான் தூக்கிப்போக வேண்டும். மற்றதையெல்லாம் மெல்லிசாகப் போட்டுவிட்டு, அந்த வரப்பை மட்டும் சிவப்பில் பட்டையாக இழுத்தேன். அதையே சார்ட்டில் வரைந்து பஞ்சாயத்து ஆபீஸில் மாட்டினார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பாதையைப் பார்க்க வந்த அதிகாரி, பட்டா நிலமாயிற்றே என்று கைவிரித்துவிட்டார். மறுவாரம் மிராசுதார் என்னை ரோட்டில் நிறுத்தினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சாவு என்று தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை வைக்க மாட்டார். வரப்பையும் அகலமாகவே விட்டிருந்தார். ஆனால் நில உச்சவரம்புச் சட்டத்தில் ஏற்கெனவே நிலம் போன குடும்பம்.

"எங்கப்பா காலத்துலேருந்து நாங்களா விட்ட வழிம்மா அது. நீங்கள்லாம் கோடு போட்டு ஆபீஸ்ல மாட்டிட்டீங்க. நாளைக்கு அதைக் காட்டியே நிலத்தை எடுத்துக்குவாங்க" என்றார்.

"சாவுக்கு மட்டும்தானேங்க" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்துவிட்டார்.

அந்த சம்பா நடவில் வரப்பை ஒற்றைக் கால் வைக்கிற அளவுக்கு வெட்டிக் குறுக்கி, மிச்ச இடத்தில் நாற்று நட்டுவிட்டார். கார்த்திகை மழையில் என் மாமனார் இறந்துபோனார். அந்த வயலில் காலமெல்லாம் ஏர் ஓட்டியவர். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், அங்கிருந்தே பார்த்தேன். பாடையைத் தூக்கியவர்கள் பயிரை மிதித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். பாதி வயலில் ஒருவருக்குக் கால் வழுக்க, பாடை சரிந்து, மாமனாரின் உடம்பு சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன என் புருஷன் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாதை கேட்டது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்கப்போய், இருந்த வழியும் போய், அந்த மனுஷரைச் சேற்றில் விழவைத்து அனுப்பினோமே என்று ஒவ்வொரு கார்த்திகைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.