பாதுகாப்பு அதிகாரியும் சாக்பீஸ் எழுத்தும்

திண்டுக்கல்லில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பற்றவைத்த இரும்பு கொஞ்ச நேரத்தில் கறுத்து, ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும். தொட்டால்தான் தெரியும். அதனால் அந்த இடத்தில் சாக்பீஸால் பெரிதாக 'சூடு' என்று எழுதி வைப்பது எங்கள் வழக்கம்.

இன்று காலை, ஆர்டர் கொடுத்த கேட்டைப் பார்க்க வேடசந்தூர்க்காரர் ஒருவர் வந்தார். நூல் மில்லில் பாதுகாப்பு அதிகாரி.

வந்ததுமே வகுப்பு ஆரம்பம்.

"ஏப்பா, மணல் வாளி எங்க? எங்க மில்லுல இப்பிடி இருந்தா அம்புட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

தலையாட்டிவிட்டு வெல்டிங் ராடு எடுக்கத் திரும்பினேன்.

"புது கேட்டுல என்னத்தப்பா கிறுக்கி வச்சிருக்க?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார். அடுத்த நொடி அலறல்.

நாலு விரலையும் சேர்த்து வைத்து அழித்திருக்கிறார்!

கையை இழுத்துத் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். நல்லவேளை, கொப்புளத்தோடு போயிற்று. எரிச்சல் அடங்கியதும் அவருக்குள் இருந்த அதிகாரி எழுந்துகொண்டார்.

"சூடா இருந்தா எழுதிப் போட வேணாமா? இதுதான் நீ தொழில் பாக்குற லட்சணமா?"

"எழுதித்தான் சார் போட்டிருந்தேன்."

"எங்க? காட்டு பாப்போம்."

கேட்டில் ஓர் எழுத்து இல்லை. அவர் விரலில் ஒட்டிய சாக்பீஸும் வாளித் தண்ணீரில் கரைந்துவிட்டது.

மீதி வேலையை மேற்பார்வையிட நாளைக்கும் வருகிறாராம். இன்னும் ஆறு விரல் மிச்சமிருக்கிறது.

இந்த முறை எங்கே எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்.